பொட்டு இங்கே

வண்டியைத்தான் முதலில் அடையாளம் தெரிந்தது, ஆளை அப்புறம்தான் பார்த்தேன். வெள்ளைத் தகரம், பக்கவாட்டில் ஒரு நீலக்கோடு, பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழே போன வருடம் நான் அடித்த நான்கு ரிவிட். என் கையால் அடித்த ரிவிட் எனக்குத் தெரியாதா? ஜீப் அந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு கொண்டலாம்பட்டி பைபாஸிலிருந்து என் பட்டறை வாசலுக்குத் திரும்பியது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான். பதினோரு மாதமாக இந்த வண்டி என்றைக்காவது வந்து நிற்கும் என்று பயந்து பயந்து செத்தவன் நான். வந்து நின்றபோது பயப்பட உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

ஜீப்பிலிருந்து நந்தகுமார் சார் இறங்கினார். அம்மாப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அறுபத்து நான்கு வயது. போன வருடம் பார்த்ததற்குச் சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தெரிந்தது.

"பேட்டரியை மாத்தணும் மாதேஷ்," என்றார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை. "சார்ஜிங் லைனையும் சேர்த்து. பழசு ஒண்ணு விடாம கழட்டிடுங்க."

"எங்கிட்டயே வந்திருக்கீங்களே சார்?"

"இந்த வண்டி வேற யாருக்குத் தெரியும்?"

வண்டியைச் சுற்றி வந்தேன். ஒரே பேட்டரி, ஒரே சூரியத்தகடு, ஜீப்பிலிருந்து வரும் கம்பியும் மெலிசு. இரண்டு பெரிய லித்தியம் பேட்டரி போடலாம், ஜீப் ஓடும்போதே வேகமாக ஏற ஒரு சார்ஜர், கூரைக்கு இன்னும் இரண்டு தகடு, தடித்த கம்பி என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் கேட்டார்.

"கண்ணு இல்லாத பேட்டரி கிடைக்குமா?"

"கிடைக்காது சார். கண்ணு இல்லாம அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது."

"அது எப்படித்தான் பார்க்குது? கம்பெனிக்காரன் சொன்னப்ப ஒண்ணும் மண்டையில ஏறலை."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கத்திரி வெயில் இருபத்தைந்து நாள். இப்போது பங்குனியில் பிடித்தால் ஆடி வரை விடாது. சேலத்தில் நாற்பத்தொன்பது டிகிரி ஏறிவிட்டு இறங்க மறுக்கும். வசதி உள்ளவர்கள் ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏற்காட்டு முகாமுக்குப் போய்விடுவார்கள். மலையேற அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு அடிவாரத்து மைதானத்தில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க உயிரைப் பிடித்து வைப்பது ஏ.சி. ஏ.சி.யைப் பிடித்து வைப்பது பேட்டரி. ஒரு கோடையில் ஆளே இல்லாத வண்டிகள் குளுகுளு என்று நிற்க, சார்ஜ் வரிசையில் நின்ற வண்டிகளில் எட்டுப் பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் ஆளில்லாத வண்டியில் ஏ.சி. ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் பேட்டரிக்குக் கண் வந்தது.

"அது உருவத்தைப் பார்க்காது சார்," என்றேன். "உடம்புச் சூட்டைத்தான் பார்க்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா உள்ள எத்தனை உடம்புன்னு எண்ணி எழுதி வச்சுக்கும். ஆனா உடனே எதையும் நிறுத்தாது. ரெண்டு மணி நேரம் யாரும் எந்த சுவிட்சையும் தொடலை, சூடும் தெரியலைன்னாத்தான் வீடு காலின்னு முடிவு பண்ணி ஏ.சி.யை அணைக்கும்."

"ரெண்டு மணி நேரம்."

"ஆமா சார். இல்ல, 'வெளியே போகிறேன்'னு ஒரு பட்டன் இருக்குது. அதை அமுக்கிட்டுப் போனா உடனே அணைஞ்சிடும். சார்ஜ் மிச்சம் பிடிக்கிறதுக்கு."

"அந்தப் பட்டனைத்தான் நான் அமுக்கினேன்னு மிதுனா நினைக்கறா," என்றார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

மிதுனா அவருடைய ஒரே பெண். வண்டி அவளுடைய அம்மா பேரில் இருந்தது, இப்போது அவள் பேருக்கு மாறிவிட்டது. அவளும் நாலு வயதுக் குழந்தையும்தான் இந்தக் கோடைக்கு மலைக்குப் போகிறார்கள்.

"நீங்க?"

"நான் இங்கதான். கடை இருக்குது."

கோடையில் சேலத்தில் யார் கண்ணாடி வாங்க வருகிறார்கள்? அந்த வயதில் ஆடி வரை கீழே கிடந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சீட்டில் மகள் அவர் பேரைச் சேர்க்கவில்லை. அதைக் கடை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

போன வருடம் சித்திரை மாதம். அவரும் அவர் மனைவி கோகிலவாணி அம்மாவும் புது வண்டியை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம்தான் பேட்டரி போட்டார்கள். அந்த அம்மா வாய் ஓயாத மனுஷி. "தம்பி, இது மூஞ்சி மாதிரியே இருக்குதே!" என்று பேட்டரியைப் பார்த்துச் சிரித்தார். உண்மைதான். கட்டில் தலைமாட்டில் நிற்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்கு இரண்டு பச்சை விளக்கு, கீழே ஒலி வருகிற பிளவு, விளக்குகளுக்கு மேலே நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுப்பாக வட்டக் கண்ணாடி. ஜனங்கள் பிரியமாக வைத்துக்கொள்ளட்டும் என்று கம்பெனிக்காரன் முகம் மாதிரி செய்திருந்தான்.

என் பட்டறையிலிருந்து எந்த வண்டியும் சந்தனம் குங்குமம் வைக்காமல் வெளியே போனதில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பேட்டரிக்குப் பொட்டு. சந்தனக் கிண்ணத்தை அந்த அம்மாவிடம்தான் நீட்டினேன். "வீட்டுக்காரம்மா கையால நீங்களே வையுங்க" என்றேன். அவர் வைத்தார். கற்பூரம் காட்டினேன். டீ குடித்தோம், கிளம்பிப் போனார்கள்.

மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சார் ஜீப்பைக் கழற்றிக்கொண்டு சீட்டு வாங்கப் போனார். அந்த அம்மா தூக்கம் வரவழைக்கிற தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு, ஜன்னல் எல்லாம் அடைத்து, ஏ.சி.யில் படுத்தார். சார் திரும்பி வந்தபோது மணி ஐந்து. ஏ.சி. ஓடவில்லை. அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தான். கண் நன்றாக இருக்கிறது, உள்ளே ஆள் இருந்ததாகப் பதிவு இல்லை, பேட்டரி விதிப்படி இயங்கியது. மூன்றே வரி. பேட்டரி மேல் தப்பில்லை என்றால் தப்பு யார் மேல்? வீட்டை விட்டு இறங்கும்போது மெயின் சுவிட்சையே அணைக்கிற மனுஷன் என்று நந்தகுமார் சாருக்கு ஏற்கெனவே பேர் இருந்தது. கஞ்சன் பட்டனை அமுக்கிவிட்டுப் போயிருப்பான் என்று ஊர் பேசியது. மகளும் நம்பினாள். நான் மட்டும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குப் போகிற கம்பியை நான் சரியாகச் சொருகவில்லையோ? அழுத்தினேனா, டக்கென்று சத்தம் கேட்டதா? பதினோரு மாதமாகச் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அந்த டக் சத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் தேடுவதும் மரத்துப்போனது.

சார் வண்டியை விட்டுப் போன அன்று மதியமே பழைய பேட்டரியைக் கழற்றினேன். அதை வண்டியிலிருந்து பிரித்தால்தான் முழுப் பதிவும் மெக்கானிக்கின் டேப்லெட்டில் இறங்கும். கம்பெனி ஆள் கழற்றவே இல்லை, மத்தியானம் மூன்று மணிப் பதிவை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். கண்ணுக்குப் போகிற கம்பியை இழுத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. நான் சரியாகத்தான் சொருகியிருந்தேன்.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். போன வருடம் டெலிவரி கொடுத்த நாளின் பதிவைத் திறந்தேன்.

காலை 11:00, மூன்று பேர். நான், சார், அந்த அம்மா. 11:10, மூன்று பேர். 11:20, பூஜ்யம்.

11:20க்கு நாங்கள் எங்கே போனோம்? எங்கேயும் போகவில்லை. உள்ளேதான் நின்றிருந்தோம். 11:30, பூஜ்யம். டீ குடித்தது அப்போதுதான். அதற்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யம். 12:50க்கு யாரோ ஏ.சி.யை இருபத்தாறில் வைத்துவிட்டு விளக்கை அணைத்திருக்கிறார்கள், அது அந்த அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். 2:50, ஏ.சி. நிறுத்தம், காரணம் ஆள் இல்லை. 'வெளியே போகிறேன்' பட்டனை அன்றைக்கு யாரும் தொடவே இல்லை.

11:10க்கும் 11:20க்கும் நடுவில் என்ன செய்தோம் என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கத் தேவைப்படவில்லை. மேஜையில் அன்று காலை குழைத்த சந்தனம் கிண்ணத்தோடு இருந்தது.

இரண்டு விளக்குக்கு மேலே நடுவில், கண்ணின் கண்ணாடி இருக்கிற இடம். எந்த வீட்டுக்காரம்மாவாக இருந்தாலும் பொட்டை அங்கேதான் வைப்பார். வேறு எங்கே வைப்பார்? கம்பெனிக்காரன் எந்த ஊரில் உட்கார்ந்து வரைந்தானோ, முகம் மாதிரி ஒன்றைப் பார்த்தால் நம் ஜனங்களின் விரல் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிண்ணத்தை நீட்டியவன் நான்.

பதிவின் கடைசியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. மாலை 5:00, பூஜ்யம். 5:10, இரண்டு பேர்.

அதைப் படித்துவிட்டு டேப்பைக் கவிழ்த்து வைத்தேன். அந்தக் கண்ணுக்கு உயிர் தெரியாது, சூடுதான் தெரியும். அந்த வெயிலில் கிடந்த உடம்பு சூடாகத்தானே இருந்திருக்கும்? செத்தபிறகு அந்த அம்மாவை அது எண்ணியிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் உட்கார்ந்து, கண் வைத்த பேட்டரி போட்டுக் கொடுத்த அத்தனை பேருக்கும் போன் போட்டேன். அறுபத்து மூன்று வண்டி. "பேட்டரி மேல இருக்கிற கண்ணாடியில பொட்டு இருந்தா துடைச்சிடுங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆத்தூர்க்கார அம்மா ஒருத்தர், "நல்ல நாளும் அதுவுமா பொட்டை அழிக்கச் சொல்றியே, உன் நாக்குல வசம்பை வச்சுத் தேய்க்க!" என்று போனை வைத்துவிட்டார். மூன்று தடவை திரும்பக் கூப்பிட்டேன். இன்னொருத்தன், "அந்தப் பொட்டுலதாண்ணா வண்டியே ஓடுது" என்று சிரித்தான். ராசிபுரத்திலிருந்து ஒருவர் மட்டும், "ஆமாங்க, தூங்கினா ஏ.சி. நின்னு நின்னு போகுது. கம்பெனிக்குப் போன் பண்ணா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னான்" என்றார். அவருடைய வீட்டில் எல்லோரும் புழுக்கம் தாங்காமல் எழுந்துவிடுவார்களாம். மாத்திரை போடாமல் தூங்குகிறவர்கள்.

பதினோரு மணிக்கு நந்தகுமார் சார் வந்தார். நான் கடைசிப் போனைப் பேசி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "பதிவைப் பார்த்துட்டீங்க போலிருக்கே" என்றார்.

டேப்பைத் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்," என்றார்.

சட்டைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடிக் கடைகளில் மூக்குக்கண்ணாடியோடு மடித்துத் தருவார்களே, அந்த வழவழப்பான சின்னத் துணி. வெளிர்நீலம். நடுவில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை காய்ந்து கிடந்தது.

"அன்னிக்கு உள்ள போனேன். அனலடிச்சுது. இவ தூங்கறான்னு நினைச்சேன். முதல்ல ஏ.சி.யைப் போடலாம்னு பேட்டரிகிட்ட குனிஞ்சேன். 'ஆள் இல்லை'ன்னு எழுத்து ஓடுது. மேல பார்த்தா கண்ணாடி பூரா சந்தனம். கண்ணாடியில அழுக்கு இருந்தா என் கை சும்மா இருக்காது மாதேஷ், நாப்பது வருஷப் பழக்கம். துணியை எடுத்தேன், துடைச்சேன். துடைச்ச உடனே ஏ.சி. ஓட ஆரம்பிச்சுது." துணியின் மடிப்பை நீவினார். "அதுக்கப்புறம்தான் அவளை எழுப்பப் போனேன்."

கம்பெனி ஆள் வந்தபோது கண் ஏன் சுத்தமாக இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு நின்றிருக்கிறார்.

"இந்தத் துணியைக் காட்டியிருந்தா உங்க பொண்ணு நம்பியிருக்குமே சார்! ஏன் சார் சொல்லலை?"

"சொன்னா, யாரு வச்ச பொட்டுன்னு கேப்பா."

மேஜையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினேன்.

"அவ அம்மா படத்துக்குத் தினம் காலையில பொட்டு வைக்கறா மாதேஷ். குளிச்ச உடனே, வேலைக்குப் போறதுக்கு முந்தி. அம்மா தானே வச்சுக்கிட்ட பொட்டாலதான் போனான்னு தெரிஞ்சா நாளைக்கு அந்தக் கை எப்படி அந்தப் படத்துகிட்ட போகும்? என்னைத் தப்பா நினைச்சா அவளுக்குக் கோபம் மட்டும்தான். கோபத்தோட நல்லாச் சாப்பிடலாம், தூங்கலாம். இருந்துட்டுப் போகட்டும்."

"நான்தானே சார் கிண்ணத்தைக் கொடுத்தேன்."

"கொடுத்தீங்க," என்றார். அதில் குற்றச்சாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வண்டியை மட்டும் நல்லாப் பண்ணிக் கொடுங்க."

நல்லாத்தான் பண்ணினேன். இரண்டு பேட்டரியையும் கட்டிலுக்கு அடியில் இரும்புச் சட்டம் போட்டு இறுக்கினேன். ஜீப்பிலிருந்து கட்டைவிரல் தடிமனில் புதுக் கம்பி இழுத்தேன். கூரையில் தகடு ஏற்றி ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு தடவை சுண்டிப் பார்த்தேன். கண்ணுக்குப் போகிற கம்பியைச் சொருகும்போது டக் என்ற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். பிறகு எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் வாயை வெட்டி, கண்ணாடியைச் சுற்றி ஒரு விளிம்பு வைத்து ஒட்டினேன். விரல் உள்ளே போகாது, பார்வையும் மறையாது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் ஜனங்களை எனக்குத் தெரியும். இங்கே வைக்காதே என்று சொன்னால் கேட்க மாட்டார்கள், இங்கே வை என்று ஓர் இடம் காட்ட வேண்டும். சிவப்புப் பெயிண்ட்டால் பெட்டியின் ஓரமாக ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'பொட்டு இங்கே' என்று எழுதினேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்துவிட்டதாக அப்போது நினைப்பு.

மூன்றாம் நாள் காலை டெலிவரி. மிதுனா குழந்தையோடு பஸ்ஸில் வந்தாள். சார் ஆட்டோவில் தனியாக வந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. குழந்தை மட்டும் "தாத்தா" என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டு வண்டிக்குள் ஏற்றிக்கொண்டாள். பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். கேள்வி கேட்கிற மாதிரியிலேயே தெரிந்தது.

"எத்தனை மணி நேரம் தாங்கும்ணா?"

"வெயிலே இல்லாட்டியும் ஒண்ணரை நாள் ஏ.சி. ஓடும்மா."

"ஜீப் ஓடினா?"

"அடிவாரம் போறதுக்குள்ள பாதி ஏறிடும். இதுல எத்தனை பேர் தங்கறீங்கன்னு பதியணும்மா. ஆள் கணக்குக்குத்தான் பேட்டரி சார்ஜைப் பங்கு பிரிக்கும்."

"ரெண்டு," என்றாள்.

வாசல்படியில் நின்றிருந்த சார் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணைத் தட்டப் போனேன். அப்போது அவள் குனிந்து பேட்டரியைப் பார்த்தாள்.

"இது என்னண்ணா, பொட்டு இங்கே?"

"பொட்டு வைக்க ஒரு இடம்மா. மேல கண்ணாடியில படக்கூடாதுன்னு."

"பட்டா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். தொழில்காரன் புத்தி, கேட்டால் பதில் வந்துவிடுகிறது. "பட்டா அதுக்குக் கண்ணு தெரியாது. வீடு காலின்னு நினைச்சுக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது.

"போன தடவை இந்த வட்டம் இருந்துச்சா?"

"இல்லம்மா."

"போன தடவை பொட்டு வச்சீங்களா?"

"மிதுனா," என்றார் சார், வாசல்படியிலிருந்து. அவள் திரும்பவில்லை.

"வச்சோம்," என்றேன்.

"யாரு வச்சது?"

சாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் சட்டைப்பைக்குப் போய் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது. தாயோளி வட்டத்தை ஏன்டா வரைந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேறு வழி இருக்கிறதா என்று ஒரு நொடி தேடினேன். இல்லை.

"நான்தாம்மா வச்சேன்."

"நீங்களா?"

"ஆமா. டெலிவரி கொடுக்கறப்ப நான்தான் வைப்பேன். கண்ணாடி பூரா அப்பிட்டேன். உங்க அப்பா எந்தப் பட்டனையும் தொடலை. பதிவு இருக்குது, நீங்களே பாருங்க." டேப்பை நீட்டினேன்.

"மிதுனா, அவரு என்ன சொல்றாருன்னா..." என்று சார் ஆரம்பித்தார்.

"சார், நீங்க சும்மா இருங்க!" கத்திவிட்டேன். குழந்தை குதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. "நான் பண்ணினது. நான்தான் சொல்லணும்."

அவள் பதிவைக் கீழேயிருந்து மேலே படித்தாள், மேலேயிருந்து கீழே படித்தாள். 5:10இல் விரல் நின்றது. அவளாகவே புரிந்துகொண்டிருப்பாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பதினோரு மாசம் வாயைத் திறக்கலையே நீங்க."

"முந்தாநாள்தாம்மா எனக்கே தெரிஞ்சுது."

"நம்பச் சொல்றீங்களா?"

"வேண்டாம்மா."

போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இப்பச் சொன்னதை மறுபடியும் சொல்லுங்க. பேரு, பட்டறை பேரு, எல்லாம் சொல்லிட்டுச் சொல்லுங்க." சொன்னேன். கிண்ணம் என் கையில் இருந்தது, விரல் என் விரல், பொட்டு நான் வைத்தது. முதல் தடவை தடுமாறியது இரண்டாம் தடவை சரளமாக வந்தது. கண் வைத்த பேட்டரியைத் தொடுகிற லைசென்ஸ் இதோடு போகும், ஒருவேளை கேஸும் வரும். பரவாயில்லை என்று தைரியமாகச் சொல்லவில்லை, எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தோன்றவில்லை. அந்தக் கண் கைகளை அடையாளம் காணாது. எந்தப் பதிவைத் திறந்து பார்த்தாலும் யார் விரல் என்று இருக்காது. தெரிந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் இங்கேதான் நிற்கிறோம்.

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பிறகு, "அப்பா" என்றாள்.

பதினோரு மாதத்தில் முதல் தடவை. அவர் நிமிர்ந்தார்.

"சீட்டுல உங்க பேரைச் சேர்க்கணும். அடையாள அட்டை கையில இருக்கா?"

அவர் சட்டைப்பையைத் துழாவினார். அட்டைக்கு முன்னால் அந்த நீலத்துணி வெளியே வந்து விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள்.

"என்னப்பா துணி இது, துவைக்கவே மாட்டீங்களா? இவ்வளவு அழுக்கு," என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. அந்தத் துணியாலேயே கண்ணைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், முகம் முழுக்கத் துடைத்தாள். நெற்றியோரம் லேசாக மஞ்சள் பட்டது. நானும் அவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மூணுன்னு போடுங்க," என்றாள் என்னிடம், என் முகத்தைப் பார்க்காமல். "அப்புறம் கீழ இறங்குங்க. உங்களைப் பார்க்கப் பிடிக்கலை."

மூன்று என்று தட்டினேன். சார் படியேறி உள்ளே வந்தார். என்னைக் கடக்கும்போது என் முழங்கையை ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டார். குழந்தை நகர்ந்து அவருக்குக் கட்டிலில் இடம் கொடுத்தது.

பேட்டரியின் இரண்டு விளக்கும் பச்சைக்கு வந்தன. திரையில் எண் ஓடி நின்றது. நான்கு பேர். என்னையும் சேர்த்து எண்ணியிருந்தது. ஸ்பேனரையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெயில் மண்டையில் இறங்கியது. வெளியில் நின்றபடி, சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அடுத்த பத்து நிமிடமும் காத்திருந்து, கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். மூன்று.